முட்டைப் பூச்சு பூமியைக் காக்காது

வெயில் ஏறத் தொடங்கியதும் ஆண்டுதோறும் ஒரு வகைக் காணொளி கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பிக்கிறது. காரைக்குடிப் பக்கத்து வீடொன்றின் நடுமுற்றமான வளவில் நின்றபடி ஒருவர் சுவரைத் தடவிக் காட்டுவார். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று பட்டியல் வாசிப்பார். வெளியே நாற்பது டிகிரி, உள்ளே ஏசி இல்லாமலே என்ன குளுமை பாருங்கள் என்பார். கடைசியில் தவறாமல் அந்த வாக்கியம் வரும்: நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல.

அவர்களை முட்டாள்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்திலிருந்து கிளம்பும் முடிவோடுதான் எனக்குச் சண்டை. பழைய வீடுதான் பசுமை வீடு, கான்கிரீட்டால் நாம் செய்த பாவத்துக்குப் பரிகாரம் மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் முற்றத்துக்கும் திரும்புவதுதான் என்பது அந்த முடிவு. சமூக ஊடகங்களோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டு அலங்கார இதழ்கள், ரிசார்ட் விளம்பரங்கள், கட்டடக்கலைக் கருத்தரங்குகள் என எங்கும் இதே பேச்சு. மறுத்துப் பேசினால் மரபின் எதிரி ஆகிவிடுவோம். ஆகிவிட்டுப் போவோம்.

முதலில் அந்த வளவு வீட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் தூண்களில் நிற்கும் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்தும் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும் வந்தன. இயற்கைத் தரை என்று இன்று விலை பேசப்படும் ஆத்தங்குடிக் கல், சிமென்டும் மணலும் நிறப்பொடியும் கலந்து கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவது. சூளையில் சுட வேண்டியதில்லை என்பது அதன் நல்ல குணம். ஆனாலும் சிமென்ட் இல்லையென்றால் ஆத்தங்குடிக் கல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை எழுந்த அந்த மாளிகைகள், பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கலில் சேர்ந்த செல்வத்தை ஊர் பார்க்க எழுப்பிக் காட்டியவை. கட்டியவர்கள் அதை மறைக்கவும் இல்லை. கிடைத்ததை வைத்துச் சிக்கனமாக வாழ்ந்தோம் என்று அவர்கள் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தச் சான்றிதழை இப்போது நாம்தான் எழுதி அவர்கள் கையில் திணிக்கிறோம்.

அந்த வீடுகளில் அறிவு இல்லையா? நிறைய உண்டு. முன்வாசலில் நின்றால் பின்கட்டுவரை பார்வை போகிற மாதிரி நேர்கோட்டில் வாசல்களை வைத்தது, காற்று ஓடுவதற்கும் வழி செய்தது. நாற்புறச் சரிவுக் கூரையிலிருந்து மழைநீர் வளவில் இறங்கும். தாழ்வாரம் வெயிலைச் சுவரில் விழவிடாது. இந்த அறிவுக்கும் தேக்குத் தூணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நம் ஆட்கள் தூணை எடுத்துக்கொண்டார்கள், காற்று வழியை விட்டுவிட்டார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். இடித்த வீடுகளின் நிலைகளும் தூண்களும் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் சில லாரி ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த விடுதி ஒன்றின் முகப்பில் நிற்கும். பின்னால் வரிசையாக ஸ்பிளிட் ஏசிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பழைய வீட்டை இடித்தால்தான் ஒரு ‘பாரம்பரிய’ வீடு எழும் என்ற நிலையில், இதற்கு மரபுப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சுண்ணாம்புக்கு வருவோம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 விழுக்காடு சிமென்டால் வருகிறது என்பது உண்மை. அதைக் குறைத்தே ஆகவேண்டும். ஆனால் சுண்ணாம்பு வானத்திலிருந்து விழுவதில்லை. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டுத்தான் அதை எடுக்கிறோம். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் அதில் 44 கிலோ கரியமில வாயுவாகவே வெளியேறிவிடும். எரித்த விறகின் கணக்கு தனி. சுவரில் பூசிய பிறகு, வெளியேறியதில் ஒரு பங்கைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இது உண்மையான அனுகூலம், பேசத் தக்கது. காணொளிகளில் இதை யாரும் பேசுவதில்லை. முட்டையின் எண்ணிக்கையைத்தான் பேசுகிறார்கள்.

அடுத்தது குளுமை. தடித்த சுவர் குளுமை தரும் என்பது ஒரு பாதி உண்மை. பகலெல்லாம் சுவர் சூட்டை வாங்கித் தன்னுள் வைத்துக்கொள்கிறது; இரவில் வெளிக்காற்று நன்றாகக் குளிர்ந்தால் அந்தச் சூட்டை வெளியே விட்டுவிட்டு மறுநாளுக்குத் தயாராகிறது. ஜெய்சல்மேரில் இது அருமையாக வேலை செய்யும். பாலைவன இரவு சுவரைக் காலி செய்துவிடும். சென்னையில் மே மாத இரவு 28 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. காற்றிலோ கடலின் ஈரம். அங்கே இரண்டடிச் சுவர் இரவிலும் கதகதவென்று இருக்கும். ஈரம் நிறைந்த கரையோரத்துக்கு வேண்டியது கனம் அல்ல, உடலின் மேல் படும் காற்று. கேரளத்து மரபு வீடு செங்குத்தான கூரையையும் அகலமான இறவாரத்தையும் காற்று புகும் மரக் கிராதிகளையும் நம்பியது இதனால்தான். இரண்டும் மரபுதான். ஒன்றின் விடையை இன்னொன்றின் ஊரில் எழுதினால் பூஜ்யம் விழும்.

சூட்டில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்றும் யாரும் கேட்பதில்லை. ஒற்றைத் தள வீட்டில் வெயில் முழுதாக விழுவது கூரையின் மேல். பல லட்சம் செலவழித்து மண்சுவர் எழுப்பி, அதன்மேல் மொட்டையாக ஒரு கான்கிரீட் தளம் போட்டு, ‘மண் வீடு’ என்று புகைப்படம் எடுத்துக்கொள்பவர்களை என்ன சொல்ல? தலையில் வெயிலை வாங்கிக்கொண்டு காலுக்குக் குடை பிடிக்கிறார்கள்.

பழம்பெருமைக்காரர்கள் தொடவே மாட்டார்கள் என்பதால் அடுத்த செய்தியை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். 1993 செப்டம்பர் 30 விடிவதற்கு முன், மராட்டியத்தில் லாத்தூரை அடுத்த கில்லாரி வட்டாரத்தில் நிலம் அதிர்ந்தது. விநாயகர் கரைப்பு முடிந்து ஊர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம். இறந்தவர்களின் குறைந்தபட்சக் கணக்கே எட்டாயிரத்தை ஒட்டியது. 6.2 அளவுள்ள, அப்படியொன்றும் பூதாகரமல்லாத அதிர்வு இத்தனை உயிரை எப்படிக் குடித்தது? அந்த ஊர் வீடுகள் கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்களாலும், மரத்தின் மேல் வெயிலுக்காக வருடக்கணக்கில் ஏற்றி ஏற்றிக் கனத்துப்போன மண்கூரைகளாலும் ஆனவை. குளுமைக்கு அவற்றை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கனம்தான் தூங்கியவர்கள் மேல் சரிந்தது. 2001இல் கட்ச் நிலநடுக்கத்தில் இதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். ‘புங்கா’ எனப்படும் வட்டமான மண் குடில்கள் பல, இலேசான கூம்புக் கூரையோடு நின்று பிழைத்தன. பக்கத்திலேயே கல்லை மண்ணில் அடுக்கிய வீடுகள் குவியலாயின. இரண்டையும் கட்டியது முன்னோர்தான். மரபு என்ற முத்திரை ஒரு வீட்டை நல்லதாக்கவும் இல்லை, கெட்டதாக்கவும் இல்லை.

நம் பக்கத்துக் கதை இன்னும் கசப்பானது. கீற்றுக் கொட்டகை காற்றோட்டமானது, உள்ளூர்ப் பொருள், மக்கிப்போகும், சிமென்ட் வேண்டாம். இன்றைய பசுமை அளவுகோல்களில் நூற்றுக்கு நூறு வாங்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகும் கீற்றின் அழகைப் பற்றி ஒருவர் எழுதலாம். ஆனால் கீற்றின் கீழ் படுத்துறங்கியவர்களிடம் கேட்டுவிட்டு எழுதட்டும். ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும் கூரையையும், வருடா வருடம் மாற்றும் செலவையும், விளக்கு சாய்ந்தால் தெருவே பற்றும் பயத்தையும் அவர்கள் சொல்வார்கள். அவர்கள் காரை வீடு கேட்பதை மோகம் என்று கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் காரை வீட்டிலிருந்தே கேலி செய்கிறார்கள்.

மண்சுவரும் மண்தரையும் தாமாக நிற்பவை அல்ல. மழைக்கு முன்னும் பின்னும் சுவரை ஒட்டுப்போட வேண்டும், தரையைச் சாணம் கரைத்து மெழுக வேண்டும். இந்தப் பராமரிப்பு விலையில்லாமல் நடந்ததற்குக் காரணம், அதைச் செய்த பெண்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை என்பது. ‘குறைந்த செலவு மண் வீடு’ என்று எழுதும்போது அந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

சாதியையும் விட்டுவிட முடியாது. தென் திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்ற தடை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும்கூடத் தடை இருந்த காலம். வீட்டின் உயரத்தைத் தட்பவெப்பம் தீர்மானித்தது என்று நம் பாடநூல்கள் சொல்லும். பல இடங்களில் அதைத் தீர்மானித்தது மேல்சாதி. அப்படித் தாழ்த்தி வைக்கப்பட்டவரின் பேரன் மாடி எடுத்துக் கட்டும்போது, உன் தாத்தாவின் குடிசையில்தான் ஞானம் இருந்தது என்று போதிப்பதற்கு நமக்கு என்ன தகுதி?

இந்த ஞானப் பார்வை ஒன்றும் நம் பாட்டிமார் சொல்லி வந்ததல்ல. அது இத்தனை பரவலானதில் 1964இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி நடத்திய ஒரு கண்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. கட்டடக்கலைஞர் இல்லாமல் எழுந்த கட்டடங்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். கண்ணாடிப் பெட்டிகளாகக் கட்டிச் சலித்துப்போன ஒரு தலைமுறைக்கு அவை தேவைப்பட்டன, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புகைப்படத்தில் ஒழுகல் தெரியாது.

எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி அந்தப் பார்வையைவிட மேலானவர். அவர் மண்ணில் இறங்கி வேலை பார்த்தார். 1940களின் நடுவில், லக்சர் அருகே பழைய கல்லறைகளின் மேல் குடியிருந்த கூர்னா மக்களுக்காகப் புதிய கூர்னாவை வடிவமைத்தார். பச்சை மண்கல், மரச் சாரம் இல்லாமல் எழுப்பும் நூபிய வளைவு, குவிமாடம், முற்றம் எல்லாம் இருந்தன. பார்க்கப் பார்க்க அலுக்காத ஊர். மக்கள் போக மறுத்துவிட்டார்கள். கல்லறைகளை ஒட்டிய பிழைப்பை விட்டுப்போக அவர்களுக்கு விருப்பமில்லை. குவிமாடம் அவர்களுக்குச் சமாதியை நினைவூட்டியது. திட்டம் பாதியில் நின்றது. பின்னாளில் அங்கே குடியேறியவர்களில் பலர் மண்வீட்டை இடித்துவிட்டுக் காரை வீடு எழுப்பினார்கள். மக்களின் மரபு என்று ஃபாத்தி கொண்டுவந்தது அஸ்வான் பக்கத்து நூபியரின் மரபு. கூர்னாக்காரர்களுக்கு அது வெளியூர்ச் சரக்கு.

அப்படியானால் மரபுக் கட்டடக் கலையிலிருந்து இன்றைய கட்டடம் எதையுமே கற்கவில்லையா? கற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கற்ற விதம்தான் இந்தப் பழம்பெருமைப் பேச்சுக்குச் சரியான மறுப்பு.

கட்டடக்கலைஞர் லாரி பேக்கரைச் சொல்வோம். பர்மிங்காமில் 1917இல் பிறந்தவர், 1945இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்ட இந்தியா வந்தவர், இமயத்தில் பித்தோராகட் பக்கம் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து அந்த மலைக்காரர்கள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளால் வீட்டைக் கட்டவேண்டும் என்று காந்தி தம்மிடம் சொன்னதை அவர் பலமுறை நினைவுகூர்ந்தார். பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறினார். அங்கே அவர் நாலுகெட்டு வீடுகளை நகலெடுத்தாரா? இல்லை. செங்கல்லைக் குத்துவசத்தில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும், நடுவில் நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கும். அந்தக் கட்டு கேரள மரபே அல்ல. இங்கிலாந்தின் சிறு வீடுகளில் செங்கல்லை மிச்சம் பிடிக்கக் கையாண்ட முறை. கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் உள்ள கான்கிரீட் பாரம் தாங்க உதவுவதில்லை, அங்கே இழுவிசையை ஏற்பது கம்பிதான் என்பதால் அந்த இடத்தில் ஓடுகளை வைத்து நிரப்பினார். அதற்குப் பயன்பட்ட மங்களூர் ஓடு, 1865இல் ஜெர்மன் நாட்டவர் ஒருவர் பாசல் மிஷனுக்காக மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவியது. ஆங்கிலேயச் செங்கல் கட்டு, ஜெர்மானிய ஓடு, சிமென்ட், கம்பி. இவற்றைச் சேர்த்துக் கட்டியதைத்தான் நாம் மரபுக் கட்டடக் கலையின் மறுபிறப்பு என்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். பேக்கர் மரபிலிருந்து எடுத்தது உருவத்தை அல்ல, கருமித்தனத்தை. ஒரு செங்கல்லையும் வேலையில்லாமல் நிற்க விடமாட்டார். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஜாலிச் சுவர்களைப் பார்த்தால் தெரியும்: ஜன்னலுக்கு மரம், கண்ணாடி, கம்பி என்று செலவழிக்காமல், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியே காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டுவிட்டார்.

புர்கினா ஃபாசோவின் காந்தோ கிராமத்தில் பிறந்து பெர்லினில் படித்த பிரான்சிஸ் கெரே, 2001இல் தன் ஊருக்கு ஒரு பள்ளி கட்டி முடித்தார். மண்ணில் கட்டப்போகிறேன் என்றதும் ஊரார் நம்பவில்லை. மண் மழையில் கரைவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். மண்கல்லில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்தார். கூரைக்குத் தகரம் போட்டார். ஆம், அதே தகரம். ஆப்பிரிக்கக் கிராமங்களையும் நம் கிராமங்களையும் அடுப்பாக்கியது என்று எல்லோரும் திட்டும் அதே தகரம். ஆனால் அதை வகுப்பறையின் தலையில் ஒட்டி வைக்கவில்லை. இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் விதானத்துக்கு மேலே, மெல்லிய கம்பிச் சட்டங்களில் தூக்கி நிறுத்தினார். தகரம் மழையையும் வெயிலையும் வாங்கிக்கொள்ளும். வகுப்பறையின் சூடு விதான இடைவெளி வழியே ஏறி, இரண்டுக்கும் நடுவே ஓடும் காற்றோடு போய்விடும். 2022இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். மரபைக் காப்பாற்றுகிறேன் என்று தகரத்தை ஒதுக்கியிருந்தால் அந்தப் பள்ளியே இல்லை.

ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் பரப்பும் அழுத்திய மண்கல்லும் இப்படித்தான். அதில் வழக்கமாக 5 விழுக்காடு அளவுக்குச் சிமென்ட் உண்டு. அதைச் செய்யும் பொறியின் முன்னோடி 1950களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் பிறந்த கைப்பொறி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ அமைப்பு, மண்ணைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோய் எவ்வளவு களிமண், எவ்வளவு மணல், எவ்வளவு அழுத்தம் என்று அளந்தது. முன்னோர் கைப்பக்குவத்தில் வைத்திருந்ததை எண்ணாக மாற்றினால்தான் வேறொரு ஊர்க் கொத்தனார் வேறொரு மண்ணில் அதைச் செய்ய முடியும். கைப்பக்குவத்தைப் புகழ்ந்துகொண்டே இருந்தால் அது அந்தக் கையோடு போய்விடும்.

‘வளர்ச்சி என்றால் கான்கிரீட், மற்றதெல்லாம் பிற்போக்கு’ என்கிற எதிர்த்தரப்புக்கு நான் சாமரம் வீசுவதாக யாராவது நினைத்தால், அதற்கும் பதில் உண்டு. அந்தத் தரப்புக்கு இன்று மிகப் பெரிய உதவியே பழம்பெருமைப் பேச்சுதான். இத்தனை காணொளிகள் வந்தும் சிமென்ட் ஆலைகளுக்கு ஒரு மூட்டை விற்பனை குறையவில்லை. மரபு வீட்டை வசதியுள்ளவரின் அலங்காரமாக ஒரு மூலையில் வைத்துவிட்டால், மற்ற எல்லோருக்கும் நாலு சுவர், ஒரு கான்கிரீட் தளம் என்று கட்டிக்கொண்டே போகலாம். எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 2011இல் தமிழக அரசு ‘பசுமை வீடு’ திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், கான்கிரீட் கூரை, அதோடு சூரிய ஒளி விளக்குகள். வெயிலில் கொதிக்கும் தளத்துக்கு அடியில் சூரிய விளக்கு எரிந்தால் வீடு பசுமையாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் இலக்கு 2030க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் கூரை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3.5 லட்சம் ரூபாய். குடிசைகள் போகட்டும், போகவேண்டும். ஆனால் இந்த எட்டு லட்சம் கூரைகளின் கீழ் இனி வரும் மே மாதங்களைக் கழிக்கப் போகிறவர்களுக்கு ஏசி இருக்காது, முட்டைப் பூச்சும் இருக்காது.

மரபிலிருந்து நாம் எதையாவது கற்றோமா என்பதை அந்தக் கூரைகளில்தான் சோதிக்கவேண்டும். தளத்தின் அடிப்பாகத்தில் ஓடு வைத்து நிரப்பினால் கான்கிரீட்டும் குறையும், சூடும் குறையும். மேலே பழைய முறையில் செங்கல் சல்லிச் சுண்ணாம்புக் காரையும் தட்டோடும் போடலாம், அதற்கும் பணமில்லையென்றால் ஆண்டுக்கொருமுறை வெள்ளையடிக்கலாம். ஒன்றரை அடி சன்ஷேடை மூன்றடியாக நீட்டினால் சுவர்களில் விழும் வெயில் குறையும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதற்குப் பதில் எதிரெதிரே வைக்கலாம். அதற்குக் காசே செலவில்லை. தென்மாவட்டத்துக்கும் கடற்கரைக்கும் நீலகிரிக்கும் ஒரே வரைபடம் போதாது, குறைந்தது மூன்று வேண்டும். இவற்றில் எதுவும் புகைப்படத்தில் அழகாக விழாது. எல்லாவற்றுக்கும் முன், கொத்தனார்களுக்கும் சென்ட்ரிங் ஆட்களுக்கும் இவற்றைக் கையில் பழக்கிக் கொடுக்கவேண்டும். அவர்களுக்குத் தெரியாததை எந்தப் பயனாளியும் கேட்டு வாங்க முடியாது.

வீடு கட்டப் போகிறவர்களுக்கும் ஒன்று. உங்கள் பொறியாளரிடம் செட்டிநாட்டுத் தூண் எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்தச் சுவரில் பிற்பகல் வெயில் விழுகிறது, கூரையின் சூட்டுக்கு என்ன செய்யப்போகிறார், பத்து ஆண்டு கழித்துப் பழுது பார்க்க உள்ளூரில் ஆள் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வரைபடம் வாங்காதீர்கள்.